கொற்கைக் கரையின் தாலாட்டு

கொற்கையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் முத்தின் வரலாற்றையே எழுதினர். கி.பி. முதல் நூற்றாண்டில் 'எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் கடற்பயணக் கையேட்டை எழுதிய பெயர் தெரியாத கிரேக்க வணிகர், கொற்கையைக் 'கொல்கி' எனக் குறித்து, அங்கே பாண்டியனுக்கு உரிய முத்துக்குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்றார். அடுத்த நூற்றாண்டில் தாலமி அதனை வணிகத் தலமாகக் குறிப்பிட்டார். அகநானூற்றுப் புலவர்கள் கொற்கை முத்தை மகளிரின் பல்லுக்கு உவமை கூறினர். 1968-69இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்து எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 785ஆம் ஆண்டளவைச் சார்ந்தது எனக் கணிக்கப்பட்டது. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் பின்வாங்கியது. துறைமுகம் கொற்கையிலிருந்து பழையகாயலுக்கும், அங்கிருந்து புன்னைக்காயலுக்கும், பின்னர் தூத்துக்குடிக்கும் நகர்ந்தது. இன்று கொற்கை வயல்களும் குளங்களும் சூழ்ந்த சிற்றூர்.

இத்தனை செய்திகளும் நமக்குக் கிடைத்துள்ளன. முத்தின் விலையும் வரியும் உரிமையாளரும் ஏட்டில் ஏறியுள்ளனர். ஆனால் குளிக்கச் சென்றவனின் வீட்டில், அவன் திரும்பும்வரை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த பெண்ணின் குரலை எந்த வணிகரும் பதிவு செய்யவில்லை. அக்குரலைக் கேட்க விரும்பினால் நாம் செல்லவேண்டிய இடம் தாலாட்டே. கல்வெட்டுக்கும் செப்பேட்டுக்கும் உரிய மதிப்பை நாம் தாலாட்டுக்குத் தருவதில்லை. எனினும் ஒரு கரையின் மக்கள் எதற்கு அஞ்சினர், யாரை நம்பினர், எவ்வாறு கிறிஸ்துவை ஏற்றனர் என்பதை அறிய அதனினும் நெருங்கிய சான்று வேறொன்று இருத்தல் அரிது.

தால் என்னும் சொல்

'தால்' என்றால் நாக்கு. நாவை அசைத்துப் பாடுவது தாலாட்டு. சொல் பிறக்கும் முன்னரே ஒலி பிறக்கிறது. பொருளில்லாத ஓசையை நாநுனியில் உருட்டித் தாய் குழந்தையை அமைதிப்படுத்துகிறாள். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் இதனையே தாராட்டு, ஆராட்டு, ஓராட்டு, ராராட்டு என்றும் வழங்குவர். 'ஆராரோ' என்னும் ஓசைக்குள் 'நீ யாரோ' என்னும் வினா ஒளிந்திருக்கிறது என்று பொருள் கூறுவாரும் உண்டு.

இவ்வாய்மொழி வழக்கைப் புலவர்கள் ஏட்டில் ஏற்றினர். பெரியாழ்வார் கண்ணனையும் குலசேகராழ்வார் இராமனையும் தொட்டிலிட்டுப் பாடினர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் மூன்றாவது தாலப்பருவம். அவ்விலக்கியத்தின் பெருங்கவிஞராகிய குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் தாமிரபரணிக் கரையில் உள்ள திருவைகுண்டத்தில் பிறந்தவர். அவர் ஐந்து ஆண்டுகள் பேசாத குழந்தையாக இருந்தார் என்பது மரபு. பேசாதிருந்த நா பின்னாளில் தாலப்பருவம் பாடியது.

கொற்கைக்கு அண்மையில் உள்ள திருச்செந்தூரின் மீது பகழிக்கூத்தர் பாடிய பிள்ளைத்தமிழில் முத்தப்பருவம் புகழ்பெற்றது. சங்கிலும் நெல்லிலும் கரும்பிலும் பிறக்கும் முத்துக்களை அவர் அடுக்கிக் கூறி, அவற்றுக்கெல்லாம் விலை உண்டு, குழந்தையின் கனிவாய் தரும் முத்தத்திற்கு மட்டும் விலையில்லை என்று முடிக்கிறார். முத்துச் சந்தையின் அருகிலேயே வாழ்ந்த மக்களுக்கு இக்கருத்தின் கனம் நன்றாகவே தெரிந்திருக்கும்.

மாமன் பிடித்த கயிறு

ஏட்டில் ஏறிய தாலாட்டைவிட ஏறாத தாலாட்டே மிகுதி. பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கிலேய அதிகாரி திரட்டிய நாட்டுப்பாடல்களைக் கி.வா. ஜகந்நாதன் 1958இல் 'மலையருவி' என்னும் பெயரில் பதிப்பித்தார். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் இப்பணியைத் தொடர்ந்தது. இத்தகைய தொகுப்புகளைப் படிக்கும் எவருக்கும் ஒன்று உடனே புலப்படும். தமிழ்த் தாலாட்டில் தந்தையைவிடத் தாய்மாமனே மிகுதியாக வருகிறான். அழும் குழந்தையிடம் யார் அடித்தது என்று தாய் கேட்கிறாள். அத்தையா, பாட்டியா, மாமனா என்று வரிசையாகப் பெயர் சொல்கிறாள். மாமன் அடித்தாலும் மலர்ச்செண்டாலேயே அடிக்கிறான். தொட்டிலும் வெள்ளிச் சங்கும் பட்டும் அவனே கொண்டுவருகிறான்.

தாய்மாமனுக்கு ஏன் இந்த இடம்? மணம் முடித்துக் கணவன் வீடு புகுந்த பெண்ணுக்குப் பிறந்தகத்தின் துணையாக நிற்பவன் உடன்பிறந்தானே என்பது பொதுவான விடை. முத்துக்குளித்துறையில் இதற்கு மற்றுமொரு விடை உண்டு.

குளிப்பவன் காலில் கல்லைப் பிணைத்து, இடுப்பில் கயிறு கட்டி, பல பாகம் ஆழத்தில் உள்ள பாருக்கு இறங்குவான். ஒரு நிமிட நேரத்தை ஒட்டி மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டி, கயிற்றை அசைப்பான். தோணியில் இருப்பவர் உடனே இழுத்தாக வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் உயிர் போகும். அக்கயிற்றைப் பிடிக்கும் பொறுப்பு மைத்துனனுக்கே தரப்படும் என்பது இக்கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உடன்பிறந்த அண்ணன் தம்பிக்குப் பங்காளிப் பகை இருக்கலாம். மனைவியின் உடன்பிறந்தானோ தன் அக்காளின் தாலி அறுவதற்கு ஒருநாளும் உடன்படமாட்டான்.

இதனை மனத்திற்கொண்டு அந்தத் தாலாட்டை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். குழந்தைக்கு மாமன் பெருமையைத் தாய் பாடும்போது, அவன் கொண்டுவரும் சீர்வரிசையோடு அவன் கையில் உள்ள கயிற்றையும் அவள் நினைக்கிறாள். தகப்பன் கடலின் அடியில் இருக்கிறான், மாமன் தோணியின் விளிம்பில் நிற்கிறான். கரையில் அவள் பாடுவதெல்லாம் அக்கையை விழித்திருக்கச் செய்யும் வேண்டுதலே. குழந்தை உறங்கவேண்டும், மாமன் உறங்கலாகாது.

அயர்லாந்தின் தாய்

தாலாட்டில் அச்சம் கலந்திருப்பது நம் கரைக்கு மட்டும் உரியதன்று. நம்மைப் போலவே கடலையும் கத்தோலிக்க மறையையும் தம் வாழ்வாகக் கொண்ட அயர்லாந்து மக்களிடையே 'ஷோஹீன் ஷோ' என்னும் ஓசையோடு பாடப்படும் தாலாட்டுகள் உண்டு. அவற்றுள் ஒன்று வியப்புக்குரியது. மண்மேட்டுக் கோட்டைகளில் வாழும் மாயமக்கள், பிள்ளை பெற்ற இளந்தாய்மாரையும் பச்சிளங் குழந்தைகளையும் கவர்ந்து செல்வர் என்பது அந்நாட்டு நாட்டார் நம்பிக்கை. அவ்வாறு கவரப்பட்ட பெண்ணொருத்தி, அவர்களின் குழந்தைக்குச் செவிலியாக்கப்பட்டு, கோட்டை வாயிலில் அமர்ந்து தாலாட்டுகிறாள். ஓடைக்கரையில் துணி துவைக்கும் மற்றொருத்தி அவள் கண்ணில் படுகிறாள். காவலர் ஐயுறாதபடி, குழந்தைக்குப் பாடுவது போலவே அவளுக்குச் செய்தி சொல்கிறாள்: என் கணவனை மெழுகுதிரியோடும் கருங்கைப்பிடிக் கத்தியோடும் நாளைக்கு வரச் சொல், ஓராண்டும் ஒருநாளும் நிறைந்துவிட்டால் நான் திரும்பவே முடியாது. இடையிடையே தாலாட்டின் ஓசை மட்டும் மாறாமல் வருகிறது.

தாலாட்டு என்னும் வடிவத்தின் உட்பொருளை இக்கதை விளக்கிவிடுகிறது. பிறருக்குச் சொல்ல இயலாததைப் பெண் தன் மடியில் உள்ள குழந்தைக்குச் சொல்கிறாள். நம் ஊரிலும் மாமியார் கொடுமையையும், பிறந்தகத்தார் வந்து பாராத ஏக்கத்தையும், கடனையும் பசியையும் தாய் தாலாட்டிலேயே வெளியிட்டாள். குழந்தைக்குச் சொற்பொருள் விளங்காது. திண்ணையில் இருப்போருக்கு விளங்கினாலும், குழந்தையைத் தூங்கவைப்பவளை யாரும் கடிந்துகொள்வதில்லை.

நம்பிக்கைகளும் ஒத்திருக்கின்றன. அயர்லாந்தில் தாய் வெளியே செல்லும்போது தொட்டிலின் மேல் இரும்புக் குறடு வைப்பர். நம் ஊரிலும் பிள்ளை பெற்றவள் அருகில் இரும்பு இருக்கும். குழந்தையின் கையில் வசம்பு கட்டப்படும். அங்கும் இங்கும் மறை மாறிய பின்னரும் இவ்வச்சங்கள் உடனே மறைந்துவிடவில்லை. அவற்றின் மீது சிலுவை அடையாளம் வரையப்பட்டது. நம் வீடுகளில் தொட்டிலின் கயிற்றில் புனித உத்தரியமும், நிலைக்கதவில் குருத்தோலைச் சிலுவையும் இடம்பெற்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காயலுக்கு வந்த மார்க்கோ போலோ, சுறாக்களை மந்திரத்தால் கட்டுவோர் முத்துக்குளிப்பில் இருபதில் ஒரு பங்கு பெற்றதைக் கூறுகிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் கரையின் முத்துக்குளிப்பை விவரித்த எமர்சன் டெனன்ட், அப்போது அப்பணியின் தலைவராயிருந்தவர் ஒரு கத்தோலிக்கர் என்று சற்றே வியப்புடன் எழுதினார். அச்சம் மிகுந்த இடத்தில் மனிதர் பழைய காப்பையும் புதிய காப்பையும் ஒருசேரப் பிடித்துக்கொள்கின்றனர்.

கொம்புத்துறையில் ஒரு பிறப்பு

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் பரதவ மக்கள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றனர். கடலிலும் கரையிலும் தம்மை ஒடுக்கியோரிடமிருந்து பாதுகாப்புத் தேடியே அவர்கள் போர்த்துக்கீசியரை நாடினர் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அதன் பின்னர் அவர்களுக்கு மறை கற்பிக்க ஆளில்லை. 1542 அக்டோபரில் புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார்.

தூத்துக்குடியிலிருந்து அம்மாதம் 28ஆம் நாள் அவர் புனித இஞ்ஞாசியாருக்கு எழுதிய மடலில் ஒரு நிகழ்ச்சி உள்ளது. வழியில் இன்னும் கிறிஸ்தவராகாத ஓர் ஊர். அதனைக் காயல்பட்டினத்தை அடுத்த கொம்புத்துறை என்று மரபு கூறுகிறது. அங்கே ஒரு பெண் மூன்று நாள்களாகப் பிள்ளைப்பேற்று வேதனையில் கிடந்தாள். பிழைக்கமாட்டாள் எனப் பலரும் கைவிட்டிருந்தனர். சவேரியார் அவ்வீட்டினுள் சென்றார். உடன்வந்தவர் மொழிபெயர்க்க, விசுவாச அறிக்கையை எடுத்துரைத்தார். அவள் நம்பினாள், திருமுழுக்குப் பெற்றாள், குழந்தையும் பிறந்தது. அக்குடும்பத்தார் அனைவரும், அன்று பிறந்த சிசு உட்பட, திருமுழுக்குப் பெற்றனர். ஊராரும் பின்னர் அவ்வழியே வந்தனர்.

கொற்கைக்கு அண்மையில் நிகழ்ந்த இதன் பொருளை நாம் ஆழ்ந்து எண்ணவேண்டும். இவ்வூரில் நற்செய்தி நுழைந்த வாயில் பேறுகால அறையின் வாயிலே. அன்று இரவு அக்குழந்தையை உறங்கவைத்த தாய், தான் பெற்ற புதிய மறையைத் தன் பழைய பாட்டிலேயே ஊற்றியிருத்தல் வேண்டும். அவளுக்கு வேறு பாட்டுத் தெரியாது.

சவேரியாரும் குழந்தைகள் வழியாகவே மறைபரப்பினார். மணியடித்து அவர்களைக் கூட்டினார். செபங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். கற்றதைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்லித்தரப் பணித்தார். நோயுற்றோர் வீடுகளுக்கும் சிறுவரையே அனுப்பினார். 1544 சனவரியில் எழுதிய மடலில், திருமுழுக்குக் கொடுத்துத் தம் கைகள் சோர்ந்துபோனதைக் குறிப்பிடுகிறார். அவருக்குப் பின்வந்த அண்டிரிக் அடிகளார் தமிழைக் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சிட்டார். இந்திய மொழியொன்றில் அச்சான முதல் நூல்களுள் அது ஒன்று. ஆனால் அச்சேறிய எழுத்து வீட்டுக்குள் புகப் பல தலைமுறைகள் ஆயின. அதுவரை செபத்தைச் சுமந்தது தாயின் நாவே.

இதனை மெய்ப்பிக்க 1658 வந்தது. ஒல்லாந்தர் தூத்துக்குடியைக் கைப்பற்றினர், குருக்களை வெளியேற்றினர், மக்களைத் தம் கால்வினிய நெறிக்குத் திருப்ப முயன்றனர். உடன்வந்த பால்டேயுஸ் என்னும் போதகரின் முயற்சி பயன் தரவில்லை. திருப்பலி அரிதாகிப்போன அந்நாள்களில் நம்பிக்கையைக் காத்தது எது? வீட்டுச் செபமும், அன்னை மரியாவின் மீது கொண்ட பற்றும், அப்பற்றைப் பால்குடிக்கும் பருவத்திலேயே ஊட்டிய தாய்மாரும் என்று கூறுவது மிகையாகாது.

பெயர் மாறிய தவம்

தமிழ்த் தாலாட்டில் 'தவம்' என்றொரு பகுதி உண்டு. பிள்ளையில்லாது ஏங்கியதையும், இருந்த நோன்பையும், நீராடிய துறைகளையும், தொழுத தலங்களையும் தாய் வரிசைப்படுத்துவாள். கடற்கரைக் கத்தோலிக்க வீடுகளில் இவ்வரிசை அழியவில்லை. தலங்களின் பெயர்கள் மாறின. தூத்துக்குடிப் பனிமய மாதா, மணப்பாட்டுத் திருச்சிலுவை, உவரி அந்தோனியார், வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னை என்று அது நீண்டது.

இதனைக் கலப்படம் என்று இகழ்ந்தோர் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. பிள்ளைக்காகக் கோவிலில் அழுது மன்றாடிய அன்னாவின் கதை விவிலியத்தில் உள்ளது. முதுமையில் கருவுற்ற எலிசபெத்தின் கதையும் உள்ளது. நம் தாய்மார் தம் தவத்தைப் பாடியபோது, அறிந்தோ அறியாமலோ அவ்வரிசையில் தம்மைச் சேர்த்துக்கொண்டனர். ஒரு மக்களினத்தின் இசைமரபு அவர்களுடைய சமய, சமூக வாழ்வில் பெரும் இடம் பெற்றிருப்பின் அதற்கு உரிய மதிப்பு தரவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் கூறியது. அதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கரையின் பெண்கள் அதனைத் தொட்டிலருகே செய்துகாட்டினர்.

முத்தும் முத்தியும்

நான்காம் நூற்றாண்டில் சிரிய நாட்டில் வாழ்ந்த திருத்தொண்டர் புனித எப்ரேம், கிறிஸ்து பிறப்பைப் பற்றிப் பாடிய பாக்களில் அன்னை மரியாவே தம் மகனைத் தாலாட்டுவதாகப் பாடினார். தான் பெற்ற பிள்ளையே தன்னைப் படைத்தவர் என்னும் வியப்பு அவற்றில் நிறைந்துள்ளது. அவரே முத்தைப் பற்றியும் பாடினார். கடலில் பிறக்கும் முத்தைக் கன்னியிடம் பிறந்த கிறிஸ்துவுக்கு உவமையாக்கினார். அம்முத்தை உலகுக்குத் தந்தவர் அரசரல்லர், ஆடையின்றிக் கடலில் குதித்த எளியோரே என்று கூறி, குளிப்போரைத் திருத்தூதருக்கு ஒப்பிட்டார். நம் கரையைக் கண்டிராத அப்புலவர் நம் கரையைப் பற்றியே பாடியதாகத் தோன்றுகிறது.

புனித பிரான்சிஸ் அசிசியார் 1223இல் கிரேச்சோவில் தொடங்கிவைத்த குடில் மரபு நம் கோவில்களிலும் நிலைபெற்றது. நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் பாலன் இயேசுவின் சுரூபத்தை மக்கள் வரிசையாக வந்து முத்தி செய்கின்றனர். 'முத்தி செய்தல்' என்னும் இச்சொல்லாட்சி நம் கத்தோலிக்கர் வழக்கு. அவ்வேளையில் பாடப்பெறும் பாட்டு எந்த இசையில் அமைந்தாலும், அதன் நடுவே 'ஆராரோ ஆரிராரோ' வராமல் இருப்பதில்லை. திருச்சபையின் உயர்ந்த பெருவிழாவில், எழுதப் படிக்கத் தெரியாத தாய்மாரின் ஓசை பீடத்தின் முன் ஒலிக்கிறது. முத்தத்திற்கு விலையில்லை என்ற திருச்செந்தூர்ப் புலவரின் கருத்து அங்கே ஏழைகளின் வரிசையில் கண்கூடாகிறது.

தாலாட்டும் ஒப்பாரியும்

தாலாட்டும் ஒப்பாரியும் ஒரே பெண்களின் பாட்டுகள். இரண்டின் இசையும் அடைமொழிகளும் பலவிடங்களில் ஒன்றே. முத்தே, மணியே என்று தொட்டிலில் அழைத்த வாய், பாடையின் முன்னும் அவ்வாறே அழைக்கிறது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் பதினாறாம் நூற்றாண்டில் நடிக்கப்பெற்ற நாடகத்தில், ஏரோதின் வீரர் வருமுன் பெத்லகேமின் தாய்மார் தம் மக்களைத் தாலாட்டுவதாக ஒரு பாட்டு உண்டு. உறக்கப்பாட்டும் இறப்புப்பாட்டும் அங்கே ஒன்றாகின்றன. 2004 திசம்பர் 26 ஞாயிறு காலையில் நம் அண்டைக் கரையாகிய குளச்சலும் மணக்குடியும் அதனைக் கண்டன. முந்தின நாள் இரவு குடிலின் முன் தாலாட்டுப் பாடிய பெண்கள் பலர், அடுத்த நாள் ஆழிப்பேரலை கொண்டுபோன தம் பிள்ளைகளுக்கு ஒப்பாரி பாடினர். மாசில்லாக் குழந்தைகளின் திருநாளைத் திருச்சபை கிறிஸ்து பிறப்பின் நான்காம் நாளிலேயே வைத்திருப்பதன் பொருள் அவ்வாண்டில் விளங்கியது.

அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. பார்களில் சிப்பி குறைந்துவிட்டது. கயிறு பிடித்த மாமன்மார் மறைந்தனர். அவர்களைப் பாடிய தாலாட்டும் மறைந்துவருகிறது. இன்று பல வீடுகளில் கைபேசியின் ஒலியிலேயே குழந்தை உறங்குகிறது. அதில் நல்ல குரலும் நல்ல இசையும் இருக்கக்கூடும். ஆனால் அக்குழந்தையின் மாமன் பெயரும், அது பிறக்க அன்னையின் சந்நிதியில் நேர்ந்த நேர்ச்சையும் அதில் இரா. உறவையும் நம்பிக்கையையும் ஒரே மூச்சில் கற்பித்த பள்ளி அது. அதற்கு ஈடாக வேறொன்றை நாம் இன்னும் அமைக்கவில்லை.

ஒவ்வொரு பங்கிலும் எழுபது எண்பது வயதைக் கடந்த பாட்டிமார் இருக்கின்றனர். மரியாயின் சேனையினரும் இளைஞர் இயக்கத்தினரும் அவர்களிடம் சென்று, தாங்கள் பாடிய தாலாட்டைக் கேட்டு எழுதிவைத்தல் அரிய செயலன்று. பாடியவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்தப் பிள்ளைக்குப் பாடினார் என்பவற்றையும் குறித்துக்கொள்ளலாம். எழுதியதோடு நில்லாமல், திருமுழுக்கு நாளன்று அக்குடும்பத்தின் மூத்த பெண்மணி ஒரு தாலாட்டைப் பாட இடம் தருவதும் பொருத்தமாக இருக்கும். விலையுயர்ந்த முத்தைக் கண்டடைந்த வணிகர் தமக்குள்ள யாவற்றையும் விற்று அதனை வாங்கினார் என்பது ஆண்டவர் கூறிய உவமை. கொற்கையின் முத்துக்கள் உரோமைக்கும் சீனத்துக்கும் போய்விட்டன. பாட்டிமாரிடம் எஞ்சியிருப்பதை நாம் கேட்டுப் பெற்றுக்கொள்வோம்.